புண் மூடுவது வேறு, தோல் வளர்வது வேறு

சிறு வயதில் மிதிவண்டியிலிருந்து விழுந்து முழங்காலில் ஆழமாகக் காயம் பட்டவர்களுக்கு அந்தத் தழும்பு இன்றும் இருக்கும். அதன்மேல் முடி முளைத்திருக்காது. கொளுத்தும் வெயிலில் நின்றாலும் அங்கே வியர்வை அரும்பாது. சுற்றியுள்ள தோலில் ஓடும் நுண்ணிய கோடுகள் அந்த இடத்துக்கு வந்ததும் அறுந்து நிற்கும். எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் தழும்பின் இழுவலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. உடல் அங்கே திறந்த இடத்தை அவசரமாக அடைத்ததே தவிர, தோலை மறுபடி வளர்க்கவில்லை. குருத்தணுக்களையும் உயிரியல் சாரங்களையும் கொண்டு புண்ணை ஆற்ற முயலும் துறை, அடைப்பதற்கும் வளர்ப்பதற்கும் நடுவிலுள்ள இந்தத் தூரத்தைக் கடக்கத்தான் அரை நூற்றாண்டாக உழைத்துவருகிறது.

இங்கே குருத்தணு என்பது பரவலாக ஸ்டெம் செல் என்று அறியப்படுவது. தானும் பெருகி, வேறு வகை உயிரணுக்களையும் தோற்றுவிக்கக்கூடிய மூல உயிரணு. சாரம் என்பது, கட்டடம் எழும்போது கொத்தனார்கள் சவுக்குக் கழிகளால் கட்டுகிறார்களே, அந்தச் சாரத்தின் பெயரையே கடன் வாங்கிய சொல். உயிரணுக்கள் ஏறி, பற்றிக்கொண்டு, திசுவைக் கட்டி எழுப்புவதற்காகப் புண்ணில் வைக்கப்படும் நுண்துளைகள் நிறைந்த தாங்கு பொருள் அது. வேலை முடிந்ததும் அந்த இடத்தைவிட்டு அகன்றுவிட வேண்டும் என்பதிலும் இரண்டும் ஒன்றே; கட்டடச் சாரம் பிரிக்கப்படும், இது கரைந்து மறையும். ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு; அதைப் பின்னர் பார்ப்போம்.

தோலின் மேற்பரப்பான மேல்தோல் உடலின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தடிமன் கொண்டது. அதன் அடிவரிசையில் இருக்கும் குருத்தணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால், சுமார் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அது முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. மயிர்க்கால்களின் பக்கவாட்டிலுள்ள சிறு புடைப்பில் இன்னொரு குருத்தணுக் கூட்டம் ஒதுங்கியிருக்கிறது என்பது 1990இல் தெரியவந்தது. சிராய்ப்புகள் தழும்பின்றி ஆறுவதற்கு இதுவே காரணம்: மேல்தோல் உரிந்துபோனாலும், மயிர்க்கால்களுக்குள் எஞ்சியிருக்கும் குருத்தணுக்கள் மேலே ஏறிவந்து பரப்பை நிரப்பிவிடுகின்றன. மேல்தோலுக்குக் கீழே இருக்கும் அடித்தோலின் கதை அப்படியல்ல. கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள், மீள்திறன் இழைகள், இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் பின்னிக்கிடக்கும் அந்தத் தடித்த படலம் முழுமையாக அழிந்துவிட்டால், வளர்ந்த மனித உடல் அதை முன்பிருந்தபடி திரும்பக் கட்டுவதில்லை.

கட்டாமல் அது செய்வது என்ன? முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு வெள்ளையணுக்கள் திரண்டு கிருமிகளையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. அடுத்து, இழைகளைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்கள் வந்து கொலாஜனை இட்டு நிரப்புகின்றன. அவற்றில் ஒரு பகுதி தசையைப் போலச் சுருங்கும் தன்மை பெற்று, புண்ணின் விளிம்புகளை உள்நோக்கி இழுக்கிறது. சிறிய புண்ணில் இது நல்லதுதான். கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ ஆழமான தீக்காயம் பட்டவருக்கு இதே சுருக்கம் மோவாயை நெஞ்சோடு ஒட்டவைக்கும், கையை நீட்டவிடாமல் செய்யும். மூடுவதற்காக உடல் போடும் அவசரமே பிறகு ஊனமாகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் தோலோ, ஏறத்தாழ ஆறாம் மாதம் வரை, தழும்பில்லாமலேயே ஆறிவிடுகிறது. ஆகவே தோலை மீண்டும் வளர்க்கும் திறன் நம்மிடம் அடியோடு இல்லாத ஒன்றல்ல. இருந்து, பிறகு கைநழுவிய ஒன்று.

பெரிய புண்ணுக்கு அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது தோல் ஒட்டு. தொடையிலிருந்து மெல்லிய படலமாகத் தோலைச் சீவி எடுத்து, வலைபோலக் கீறி விரித்து, புண்ணின் மேல் பரப்புவார்கள். உடலில் பாதிக்கும் மேல் வெந்துபோனவரிடம் எடுப்பதற்குத் தோல் எங்கே இருக்கும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் இரு வேறு பாதைகள் கிளம்பின. ஒன்று உயிரணுவை நம்பியது. மற்றது சாரத்தை நம்பியது. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே ஊரில், பாஸ்டன் நகரை ஒட்டிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவாயின.

உயிரணுப் பாதையைத் திறந்தவர்கள் ஹோவர்ட் கிரீனும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும். அவர்கள் தோலைத் தேடிப் போகவில்லை. எலியின் ஒரு வகைக் கட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வளர்ப்புத் தட்டில் தோலணுக்களைப் போன்ற திட்டுகள் தோன்றுவதைக் கண்டார்கள். கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலி ஃபைப்ரோபிளாஸ்ட்களை அடியில் பரப்பிவைத்தால், அவற்றின் துணையோடு மனித மேல்தோலின் முக்கிய உயிரணுக்களான கெரட்டினோசைட்களும் தொடர்ந்து பெருகும் என்பதை 1975இல் வெளியிட்டார்கள். அஞ்சல்தலை அளவுள்ள தோல் துண்டிலிருந்து சில வாரங்களில் பல ஆயிரம் மடங்கு பரப்பை வளர்த்தெடுக்க முடிந்தது. 1983இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உடலில் 95 சதவீதத்துக்கும் மேல் தீக்காயம் பட்ட, ஐந்து, ஆறு வயதுள்ள இரு சகோதரர்களுக்கு இந்த முறையில் வளர்த்த தோல் ஒட்டப்பட்டது. உடற்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அதுவே மூடியது, இருவரும் பிழைத்தார்கள். அதுவரை அந்த அளவு தீக்காயம் என்பது அநேகமாக மரணத்தின் மறுபெயராகவே இருந்தது.

உயிர் காத்த அந்தத் தோலில் ஒரு குறை இருந்தது. அது ஒரு சில அணுக்களின் தடிமனே கொண்ட மேல்தோல் மட்டும். கீழே அடித்தோல் இல்லை. அடித்தோலோடு மேல்தோலைப் பிணைக்கும் நங்கூர இழைகள் உருவாக நெடுநாள் ஆகும் என்பதால், லேசாக உரசினாலும் கொப்புளம் எழும், உரியும். கிருமி புகுந்தால் பல நாள் உழைப்பு ஓரிரவில் போய்விடும். செழித்த நாற்றைப் பாறையில் நட்டதைப் போன்ற நிலை அது.

மண்ணைப் பற்றி யோசித்தவர்கள் மற்ற இருவர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காய அறுவை மருத்துவர் ஜான் பர்க், இழைகளையும் பாலிமர்களையும் ஆராய்ந்துவந்த அயோனிஸ் யான்னாஸின் உதவியை நாடினார். மாட்டிலிருந்து எடுத்த கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சேர்மத்தையும் சேர்த்து உறையவைத்து உலர்த்தி, பஞ்சு போன்ற ஒரு படலத்தை அவர்கள் செய்தார்கள். நீர் வெளியேறாமலும் கிருமி நுழையாமலும் இருக்க அதன்மேல் மெல்லிய சிலிக்கோன் தகடு ஒட்டப்பட்டது. புண்ணில் வைத்ததும் நோயாளியின் சொந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களும் நுண்குழாய்களும் கீழிருந்து அந்தப் பஞ்சுக்குள் ஊர்ந்து ஏறின. இரண்டு, மூன்று வாரங்களில் பஞ்சு கரைந்த இடத்தில் அடித்தோலை ஒத்த புதுத் திசு உருவானது. பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு, மிக மெல்லிய தோல் ஒட்டை அதன்மேல் வைத்தார்கள். முதல் பத்து நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 1981இல் வெளிவந்தது. இன்டெக்ரா என்ற பெயரில் அந்தப் பொருளுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996இல் ஒப்புதல் தந்தது.

இதில் ஓர் உயிரணுகூட வெளியிலிருந்து சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனினும் அந்த இடத்தில் புண்ணின் சுருக்கம் தாமதமாகி, தழும்புக்கும் தோலுக்கும் இடைப்பட்ட, ஆனால் தோலுக்கே நெருக்கமான ஒன்று வளர்ந்தது. ஏன் என்று தோண்டியபோதுதான் கட்டடச் சாரத்துக்கும் உயிரியல் சாரத்துக்கும் உள்ள வேறுபாடு துலங்கியது. கட்டடச் சாரம் ஊமை. கொத்தனாரிடம் அது எதுவும் சொல்வதில்லை. உயிரியல் சாரமோ தன்மேல் ஏறும் அணுவிடம் பேசுகிறது. நுண்துளைகள் ஏறத்தாழ 20 முதல் 120 மைக்ரோமீட்டர் வரை அகலம் கொண்டிருக்கும்போது அது நன்றாக வேலை செய்கிறது. அதைவிடச் சிறுத்தால் அணுக்கள் உள்ளே நுழைய முடியாது, பெருத்தால் பற்றிக்கொள்ளப் போதிய பரப்பு இருக்காது. சீக்கிரம் கரைந்தால் திசு எழும்புவதற்குள் தாங்கல் போய்விடும். கரையாமல் தங்கினால் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி, சுற்றிலும் தழும்பையே கட்டிவிடும். விறைப்பும் முக்கியம். கடினமான பரப்பில் இழுபட்டுக் கிடக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் சுருங்கும் வகையாக மாறித் தழும்பை உருவாக்க முனைகிறது. மென்மையான பரப்பில் அந்த முனைப்பு குறைகிறது. எந்த அணு வந்தது என்பதைவிட, வந்த அணு எதன்மேல் நின்றது என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. இந்தத் துறையைப் பற்றிய செய்திகளில் குருத்தணுவுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூடச் சாரத்துக்குக் கிடைப்பதில்லை.

சாரத்தைச் செயற்கையாகச் செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. ஏதேனும் ஓர் உயிரியின் திசுவை எடுத்து, அதிலுள்ள அணுக்களை வேதிக் கரைசல்களால் கழுவி நீக்கிவிட்டால், அணுக்கள் குடியிருந்த வீடு மட்டும், அதன் கொலாஜன் பின்னலும் அதில் ஒட்டியிருக்கும் வளர்ச்சிக் காரணிகளும் பெருமளவு சிதையாமல், மிஞ்சும். தானமாகப் பெற்ற மனித அடித்தோல், பன்றியின் சிறுகுடல் படலம், ஐஸ்லாந்தில் காட் மீனின் தோல் என்று பலவும் இவ்வாறு பயன்பாட்டுக்கு வந்துள்ளன. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் பன்றியின் பித்தப்பையிலிருந்து இத்தகைய சாரத்தை உருவாக்கியது. கோலிடெர்ம் என்ற அந்தப் பொருளுக்கு 2023இல் இந்திய ஒழுங்குமுறை ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாட்டுக்கும் இந்தப் பொருளோடு பழைய உறவு உண்டு. தோல் பதனிடுவோர் முடியையும் மேல்தோலையும் கொழுப்பையும் அகற்றிவிட்டுக் காப்பாற்றுவது அடித்தோலின் கொலாஜன் பின்னலைத்தான். 1948இல் நிறுவப்பட்ட சென்னை அடையாற்றின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனைக் கொண்டு மருத்துவப் பொருள்கள் செய்யும் ஆராய்ச்சியில் இறங்கியது அதன் இயல்பான நீட்சியே. மாடு, பன்றி என்று மூலம் எதுவாக இருந்தாலும் அதை நோயாளியிடம் முன்னரே சொல்லிவிடுவது முறை. மத நம்பிக்கை சார்ந்த மறுப்பு இருக்கக்கூடும் என்பதோடு, எதை உடலில் வைக்கிறார்கள் என்று அறிவது அவருடைய உரிமையும்கூட.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். மும்பை மருத்துவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும் பின்னர் வாழையிலையையும் தீக்காயத்துக்குக் கட்டாகப் பயன்படுத்தி ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள். இலை புண்ணில் ஒட்டாது, ஈரம் காக்கும், மிகவும் மலிவு. சோறு பரிமாற நாம் அதைத் தேர்ந்ததற்கான குணங்களே இங்கும் உதவின. ஆனால் அது மூடி; சாரமல்ல. அணுக்கள் அதற்குள் ஏறுவதுமில்லை, அது திசுவாக மாறுவதுமில்லை. கடைகளில் உயிரியல் கட்டு என்று விற்கப்படும் பலவும் இந்த மூடி வகையைச் சேர்ந்தவையே.

இனி இரண்டு பாதைகளும் சேரும் இடம். சாரத்தில் உயிரணுக்களை விதைத்து வைத்தால் என்ன? பிறந்த ஆண் குழந்தைகளுக்குச் செய்யும் சுன்னத்தில் கிடைக்கும் தோலிலிருந்து பெற்ற அணுக்களைக் கொலாஜன் களியில் (ஜெல்லில்) வளர்த்துச் செய்த அப்லிகிராஃப் என்ற ஈரடுக்குத் தோலுக்கு அமெரிக்காவில் 1998இல் காலின் சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வரும் நாளப் புண்ணுக்கும் 2000இல் நீரிழிவுப் பாதப் புண்ணுக்கும் ஒப்புதல் கிடைத்தது. அதில் இருப்பவை குருத்தணுக்கள் என்று தனியே பிரித்தெடுக்கப்பட்டவை அல்ல. எலும்பு மச்சையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கப்படும் மீசென்கைமல் குருத்தணுக்கள் பிறகு வந்தன. தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவையில் வீணாகும் கொழுப்பிலேயே இத்தகைய அணுக்கள் ஏராளமாக உள்ளன என்பது 2001இல் காட்டப்பட்டதும், ஆர்வம் பெருகியது. அவை தோலாகவே மாறிப் புண்ணை நிரப்பும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு.

அது அப்படி நடக்கவில்லை. புண்ணில் செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை சில நாள்களில், அதிகம் போனால் சில வாரங்களில், மறைந்துவிடுகின்றன. ஆனாலும் புண் விரைவாக ஆறுவது பல சோதனைகளில் தெரிந்தது. அவை செங்கற்களாக அல்ல, மேஸ்திரிகளாக வேலை செய்கின்றன என்பதே இன்றைய விளக்கம்: புதிய இரத்தக் குழாய்களைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கின்றன, அழற்சியில் சிக்கிக் கிடக்கும் மேக்ரோஃபேஜ் என்ற, கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களைப் பழுதுபார்க்கும் நிலைக்குத் திருப்புகின்றன. மீசென்கைமல் குருத்தணு என்ற பெயரை 1991இல் பரப்பிய ஆர்னால்ட் கேப்லனே, அவை குருத்தணுக்கள் என்ற பெயருக்குப் பொருந்தவில்லை, குறிப்புகள் அனுப்பும் மருந்தணுக்கள் என்றே அழைக்க வேண்டும் என்று 2017இல் எழுதினார். தான் வைத்த பெயரைத் தானே திரும்பப் பெறுவது அறிவியலில் அடிக்கடி காணக் கிடைக்காத நேர்மை. சாரத்தின் பங்கு இங்கும் பெரிது. வெறும் ஊசியால் செலுத்தினால் அணுக்கள் வழிந்தோடி அழியும்; இரத்த உறைவின் புரதமான ஃபைப்ரின் தெளிப்பிலோ களித்தகட்டிலோ பதித்துவைத்தால் செய்தி அனுப்பும் அளவுக்காவது உயிரோடு தங்கும்.

இந்தியாவுக்கு இது வெறும் ஆய்வக விவகாரம் அல்ல. சென்னையை மையமாகக் கொண்ட ஆய்வாளர்களின் முன்னெடுப்பில் நடந்து, 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். பாதத்தில் உணர்ச்சி மரத்து, இரத்த ஓட்டம் குறைந்து, ஆறாமல் நிற்கும் புண் அவர்களில் பலருடைய காலைப் பறிக்கிறது. கொழுப்பிலிருந்து பெற்ற பிறருடைய குருத்தணுக்களைக் களித்தகட்டில் பதித்துத் தென்கொரியாவில் நடத்திய இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவு 2019இல் வெளியானது: 12 வாரங்களில் முழுமையாக மூடிய புண்கள், தகடு பெற்றவர்களில் 82 சதவீதம், பெறாதவர்களில் 53 சதவீதம். நம்பிக்கை தரும் எண்ணிக்கைதான். பங்கேற்றவர்கள் 59 பேர் மட்டுமே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குருத்தணு இல்லாமலேயே பாதிக்கு மேற்பட்ட புண்கள் மூடியிருப்பதையும் கவனிக்க வேண்டும். செத்த திசுவை வெட்டி அகற்றுவது, பாதத்தின் மேல் விழும் எடையை விலக்குவது, இரத்த ஓட்டத்தைச் சீர்செய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகியவற்றைச் செய்யாத காலில் எந்த அணுவும் எந்தச் சாரமும் நிற்காது.

இந்தப் பின்னணியில்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படிக்க வேண்டும். இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கான குருத்தணு மாற்றைத் தவிர மற்றவை அனைத்தும் முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வுச் சோதனையாகவே நடக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. சோதனையில் பங்கேற்பவரிடம் சிகிச்சைக்காகக் கட்டணம் வசூலிப்பது முறையல்ல. உங்கள் கொழுப்பிலிருந்தே எடுத்து உங்களுக்கே செலுத்துகிறோம், ஆகவே ஆபத்தில்லை என்ற விளம்பர வாதம் அரைகுறையானது. உடலுக்கு வெளியே வளர்க்கும்போது கிருமி புகலாம், அணுவின் இயல்பும் மாறலாம்.

குருத்தணு உண்மையிலேயே தோலாக மாறி நிலைத்ததற்குச் சான்று வேண்டுமானால், அது மீசென்கைமல் வகையில் இல்லை; கிரீன் காட்டிய பழைய பாதையில் இருக்கிறது. 2015இல் ஜெர்மனியின் போகும் நகரத் தீக்காயப் பிரிவுக்கு, சிரியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். மேல்தோலை அடித்தோலோடு ஒட்டவைக்கும் லாமினின் என்ற புரதத்தின் மரபணுவில் பிறவிப் பிழை. மேல்தோலில் பெரும்பகுதி உரிந்துபோயிருந்தது. இத்தாலியின் மோதெனா நகரில் மிக்கேலே தெ லூக்காவின் குழு, அவனுடைய சிறு தோல் துண்டிலிருந்து அணுக்களை எடுத்து, அவற்றில் சரியான மரபணுவைச் சேர்த்து, மொத்தம் 0.85 சதுர மீட்டர் மேல்தோலை வளர்த்துக் கொடுத்தது. உடற்பரப்பில் சுமார் 80 சதவீதம் புதிதாக மூடப்பட்டது. ஒவ்வோர் அணுவிலும் மரபணு நுழைந்த இடம் வேறுபட்டதால், எந்த அணுவின் வாரிசு எது என்று ஆய்வாளர்களால் பின்தொடர முடிந்தது. ஒட்டிய கோடிக்கணக்கான அணுக்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் உதிர்ந்துபோக, நீடித்து வாழும் சிறுபான்மைக் குருத்தணுக்களே அந்தத் தோல் முழுவதையும் தாங்கிவருகின்றன என்று அவர்கள் 2017இல் வெளியிட்டார்கள். இத்தகைய அணுக்களைத் தட்டில் அடையாளம் காணும் முறையை யான் பரான்தோனும் கிரீனும் 1987இலேயே விவரித்திருந்தார்கள்.

இந்த வெற்றியைப் பற்றிய செய்திகளில் அதிகம் சொல்லப்படாத ஒன்று உண்டு. அந்தச் சிறுவனின் நோய் மேல்தோலின் பிடிப்பைத்தான் குலைத்திருந்தது. அடியில் அவனுடைய சொந்த அடித்தோல் பெருமளவு எஞ்சியிருந்தது. நாற்றுக்கு நிலம் தயாராக இருந்தது. அடித்தோலும் சேர்ந்து வெந்துபோன தீக்காய நோயாளிக்கு இதே தகடுகள் இதே பலனைத் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே முதலில் சாரம் வேலை செய்தாக வேண்டும்.

சாரமும் அணுவும் சேர்ந்து இன்று கட்டித்தரும் தோலிலும் முடி இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. வியர்வையை அழகியல் குறையாக நினைத்துவிடக் கூடாது. உடலில் பெரும்பகுதி வெந்து பிழைத்த ஒருவர் சித்திரை வெயிலில் உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வழியின்றித் தவிப்பார். முடியோடு கூடிய தோலை ஆய்வகத்தில் வளர்க்க முடியும் என்பதை 2020இல் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் கோலரின் குழு காட்டியது. மனிதக் குருத்தணுக்களிலிருந்து நான்கைந்து மாதங்களில் உருவான சிறு உருண்டைகளில் மயிர்க்கால்களும் நரம்பு இழைகளும் இருந்தன. நான்கைந்து மாதங்கள் என்பது தீக்காய நோயாளியால் காத்திருக்க முடியாத காலம்.

அணுவையும் சேர்க்காமல் சாரத்தையும் வைக்காமல் இதே இலக்கை நெருங்கிய ஆய்வு ஒன்று 2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. புண்ணில் ஏற்படும் இழுவிசையை உணர்ந்து தழும்பு வகைக்கு மாறும் ஃபைப்ரோபிளாஸ்ட்களில், அந்த உணர்வைக் கடத்தும் குறிப்பை வெர்டிபோர்ஃபின் என்ற, கண் நோய்க்கு முன்பே பயன்பாட்டில் இருந்த மருந்தால் தடுத்தார்கள். எலிகளின் புண் ஆறியபோது முடியும் சுரப்பிகளும் பழைய வலிமையும் திரும்பியிருந்தன. சாரத்தின் விறைப்பைப் பற்றி யான்னாஸ் காலத்திலிருந்து சேர்ந்த அறிவு இங்கே மருந்தின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. இருந்தாலும் எலியின் தோல் தளர்வானது. அதன் அடியில் ஒரு தசைத் தகடு உண்டு. அது தன் புண்ணைப் பெரும்பாலும் இழுத்துச் சுருக்கியே மூடிக்கொள்ளும். ஆய்வாளர்கள் எலிப் புண்ணைச் சுற்றி வளையம் தைத்து அந்தச் சுருக்கத்தைத் தடுப்பது அதனால்தான். மனிதத் தோலைப் போல உடலோடு இறுகி ஒட்டிய தோல் பன்றிக்கு உண்டு. எலியில் தேறிய எந்த முறையும் மனிதரிடம் வருவதற்கு முன் அந்தத் தோலில் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது.